எங்கள் வலைப்பூவுக்கு வைத்த ஃபிளெக்ஸ்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து செலின் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

"ஏடி பரீதா, பிளாக்கைத் தெறந்து பாரு. பிள்ளைக ஒனக்குத்தான் மொதல்ல காட்டணும்னு நிக்கிதுக. பார்த்துட்டு என்னையத் திட்டாத."

செலின் ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது நாங்கள் படித்த அதே பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. நூலகப் பொறுப்பும் அவளிடம்தான். நானும் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில்தான் வேலை பார்க்கிறேன், ஆனால் வட இங்கிலாந்தில். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

பிளாக் என்று அவள் சொன்னது எங்கள் இரண்டு நூலகங்களுக்கும் பொதுவான வலைப்பூவை. அதை நாங்கள் நடத்தவில்லை, பிள்ளைகள் நடத்துகிறார்கள். படித்த புத்தகத்தைப் பற்றி எழுதுவார்கள், படம் வரைந்து போடுவார்கள், அங்கிருப்பவர்கள் இங்கிருப்பவர்களை ஏதாவது கேட்பார்கள். அன்றைக்கு அதற்கு ஒரு வயது நிறைந்திருந்தது.

திறந்தேன். வழக்கமாகத் தலைப்பில் சிவனே என்று ஒரு புத்தக அலமாரியின் படம் இருக்கும். அதைக் காணோம். அந்த இடத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் நின்றது. நம் ஊரில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ரோட்டை மறித்துக் கட்டுவோமே, அதேதான். பின்னால் ஒரு புலி, இரண்டு பக்கமும் புறாக்கள். தங்க எழுத்தில், "முதலாம் ஆண்டு நிறைவு விழா காணும் எங்கள் நூலக வலைப்பூவே, நீ வாழ்க பல்லாண்டு!" மேலே ஒரு வட்டத்துக்குள் பள்ளித் தாளாளர் ஃபாதர். அவருக்குக் கொஞ்சம் கீழே செலின், யாரோ கூப்பிட்டுத் திரும்பினவள் மாதிரி. அவளுக்கும் கீழே "வாழ்த்தும் நெஞ்சங்கள்" என்று வரிசை வரிசையாகப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம். வாசிப்பு வேங்கை. கதைப் புயல். புத்தகத்துக்கு அட்டை போட்டே பெயர் வாங்கிய ஒருவனுக்கு "அட்டை அண்ணன்".

சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஜன்னல் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தார். அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தேன். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அதாவது இங்கிலாந்துப் பிள்ளைகள். வீடியோ அழைப்பில் பேசும்போது எடுத்த படங்களிலிருந்து முகங்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். என் போனில் அந்த வரிசையின் இடது பாதிதான் தெரிந்தது, வலது பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. விரலால் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

வலது பாதியில் அந்தப் பிள்ளை இருக்குமோ என்ற நினைப்பு வந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

2

அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பெயர் சொல்லப் போவதில்லை. அவளும் அம்மாவும் வேறு ஒரு ஊரிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு இங்கே வந்தவர்கள். அவளுடைய அப்பாவுக்கு அவர்கள் இருக்கும் இடம் தெரியக்கூடாது. கோர்ட் உத்தரவு இருக்கிறது. உத்தரவை மீறித் தேடுகிற ஆள் அவர். அதனால் அந்தப் பிள்ளையின் முகம் இணையத்தில் எங்கேயும் வரக்கூடாது, எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரோடு நிச்சயமாக வரக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன விஷயங்களில் முதலாவது இது. அவளுடைய அம்மாவிடம் கேட்டு, சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டில் ஒரு பிள்ளையைப் படம் எடுப்பதற்கு எத்தனை சம்மதப் படிவம் என்று கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். சுவரில் ஒட்ட ஒன்று, செய்தி மடலுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று. வந்த புதிதில் நான் இதையெல்லாம் கிண்டலடித்திருக்கிறேன். அப்போது எனக்கு இந்த ஊர்ப் பேச்சே பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, "உங்க வீட்டுல டீக்கு என்ன?" என்று கேட்டால், "இஞ்சி தட்டிப் போடுவோம்" என்பேன். வடக்கே டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு என்று தெரிவதற்கே ஒரு குளிர்காலம் ஆனது. இஞ்சியைத் தின்றுவிட்டுப் படுக்கிற குடும்பம் என்று அதுவரைக்கும் அவர் எங்களைப் பற்றி நினைத்திருக்க வேண்டும்.

படிவங்களைக் கிண்டலடிப்பதை நிறுத்தியது இந்தப் பிள்ளையைப் பார்த்த பிறகுதான். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கிற நாளில் அவள் வரமாட்டாள். விளையாட்டு விழாவில் யாராவது போனைத் தூக்கினால் போதும், ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்துவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்கிற மாதிரி இருக்காது, அம்புட்டு இயல்பாக இருக்கும். எனக்கு அதுதான் தாங்காது.

அவள் நூலகத்துக்கு வந்ததே மதிய வேளையில் உட்கார ஒரு இடம் வேண்டுமே என்றுதான். வலைப்பூ ஆரம்பித்த பிறகு அவளே முன்வந்து எழுதினாள். இங்கிலாந்துப் பிள்ளைகள் சொந்தப் பெயரில் எழுதக்கூடாது என்பது விதி. திண்டுக்கல் பிள்ளைகள் எழுதுவதில் எந்தத் தமிழ்ச் சொல் பிடிக்கிறதோ அதைப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு பையன் "ஒட்டன்சத்திரம்" என்று வைத்துக்கொண்டான். அவ்வளவு நீளமான பெயர் வேறு யாருக்கும் இருக்காது என்று அவனுக்குப் பெருமை. இந்தப் பிள்ளை "கொய்யா" என்று வைத்துக்கொண்டாள். ஆயக்குடியிலிருந்து வருகிற ஒரு பெண், தோட்டத்துக் கொய்யா மரத்தின் மேல் உட்கார்ந்து ஒரு புத்தகம் முழுவதையும் படித்து முடித்ததைப் பற்றி எழுதியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து இவளுக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பிரியம்.

3

இந்த வலைப்பூவை ஆரம்பிக்கும்போதே செலினுக்கும் எனக்கும் சண்டை. பாஸ்வேர்டு யாரிடம் இருப்பது என்றுதான்.

"பிள்ளைக எழுதட்டும், நாம பார்த்துத் திருத்திப் போடுவோம்"னு அவள் சொன்னாள். நாம் திருத்திப் போட்டால் அது நம் வலைப்பூ, பிள்ளைகளுடையது இல்லை என்று நான் சொன்னேன். எங்கள் காலத்தில் பள்ளிக்கூட நூலகம் எப்படி இருந்தது என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். கண்ணாடி போட்ட பீரோக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. நம் ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்றது, சும்மா சொல்லக்கூடாது, எதுவும் திறக்காது. வெளியே நின்று புத்தகங்களின் முதுகைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போவோம்.

"சரிடி, ஒன் இஷ்டம். ஏதாச்சும் ஆச்சுன்னா ஃபாதர்ட்ட நீதான் பதில் சொல்லணும்" என்று இறங்கி வந்தாள்.

அப்படி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கைக்குச் சாவி போனது. அவர்களில் கார்த்திகாதான் பத்திரிகை ஆசிரியர் மாதிரி. மேலே என்ன வர வேண்டும், எந்தப் பின்னூட்டத்தை விட வேண்டும், எதை நீக்க வேண்டும் எல்லாம் அவள் குழு. நான் பாஸ்வேர்டே வாங்கிக்கொள்ளவில்லை. பெரிய கொள்கைக்காரி மாதிரி, "என்கிட்ட இருந்தா நான் கை வைப்பேன், எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் பிள்ளைகள் எழுதுவதையும் கார்த்திகாவுக்கு அனுப்பி, அவள்தான் ஏற்றுவாள். இங்கே தலைமையாசிரியை இதற்கு ஒப்புக்கொண்டதே அரைமனதாகத்தான். ஒரு முகமும் வராது என்று நான் உறுதி சொன்ன பிறகுதான் தலையாட்டினார். திண்டுக்கல்லிலும் அதைச் சொல்லியிருந்தேன். அங்குள்ள பிள்ளைகளுக்கு அது கட்டுரைக்கு உள்ள விதியாகப் பட்டிருக்கிறது. ஃபிளெக்ஸுக்கு அது பொருந்தும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததில் ஆச்சரியம் இல்லை. நம் ஊரில் ஃபிளெக்ஸில் ஒருவர் படத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். என் தம்பி நிக்காவுக்குப் பத்திரிகை அடித்தபோது ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போயிற்று. இன்றைக்கு வரைக்கும் அவர் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அப்படி வளர்ந்த பிள்ளைகள், ஒரு வருடமாகக் கூட எழுதியவர்களை விட்டுவிட்டு ஃபிளெக்ஸ் வைப்பார்களா? அவர்கள் கணக்கில் அதுதான் பெரிய தப்பு. போதாக்குறைக்குக் கார்த்திகாவின் அப்பா செம்பட்டி ரோட்டில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். பஸ்ஸில் எனக்கு ஓடியதெல்லாம் ஒன்றுதான்: அந்த ஆள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டால்?

4

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். செலினைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், வரிசையில் பிள்ளைகளை நிறுத்துகிற வேலை அவளுக்கு இருந்திருக்கும். பள்ளி அலுவலகத்துக்கு அடித்தேன். பழனிப் பக்கத்துக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார், ரொம்ப மரியாதையான மனிதர்.

"ஏனுங்க, எல்லாரும் சாப்பாட்டுல இருக்கறாங்க. கொஞ்சம் பொறுத்துக் கூப்புடுறீங்களா?"

"முடியாதுங்க. ஒன்பதாம் வகுப்புக் கார்த்திகா வேணும். இப்பவே வேணும். நான் லண்டன்லேர்ந்து பேசுறேன்."

நான் லண்டனிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிறேன். ஆனால் ஊரில் லண்டன் என்று சொன்னால்தான் ஆள் எழுந்திருப்பார்கள். ரிசீவரை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு தட்டுகள் உருளுகிற சத்தம், யாரோ யாரையோ "ஏலே, தண்ணியக் கொட்டாத" என்று அதட்டுகிற சத்தம். இங்கே தூறல் விழுந்துகொண்டிருந்தது. நிழற்குடைக்குள் போய் நிற்கக்கூடத் தோன்றவில்லை.

"மிஸ், நல்லாருக்கா மிஸ்?" கார்த்திகாதான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"நல்லாருக்குடா. கடைசி வரிசையில யார் யாரைப் போட்டிருக்கீங்க?"

"அங்கிட்டுப் பிள்ளைக எல்லாரையும் போட்டாச்சு மிஸ். ஒருத்தரையும் விடல."

"கொய்யா?"

"கொய்யாவும் இருக்கு மிஸ். அவளை விடுவோமா?"

குரலை எப்படியோ பிடித்துக்கொண்டு, "படம் எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நெட்லேர்ந்துதான் மிஸ்."

"நெட்லயா? அவ மூஞ்சி நெட்ல இருக்கா?"

"மூஞ்சியா? அவ மூஞ்சி நமக்கு ஏது மிஸ்? வீடியோல படம் எடுக்கப் போறோம்னு சொன்னாலே டேபிளுக்குக் கீழ போயிருவால்ல. ஆக்டோபஸ் போட்டிருக்கு மிஸ்."

"என்னது?"

"ஆக்டோபஸ் மிஸ். எட்டுக் கை வச்சுக்கிட்டுக் கடலுக்குள்ள கிடக்குமே. அதைப் பத்தின புத்தகத்துக்குத்தான அவ மொதல்ல எழுதுனா? அந்த அட்டைப் படம். கூலிங் கிளாஸ் மாட்டி விட்டோம். கீழ 'எட்டுக் கை வீராங்கனை கொய்யா'ன்னு போட்டிருக்கு."

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்ச் நனைந்திருந்தது, அதுவும் தெரியவில்லை. அழுகை வந்தது. நல்ல அழுகை, வெட்கமில்லாத அழுகை.

"மிஸ், அழுகுறீங்களா மிஸ்? கூலிங் கிளாஸ் வேணாம்னா எடுத்துர்றோம் மிஸ்."

"அது இருக்கட்டும்டா. அவ ஏன் கீழ போறான்னு நீங்க கேட்டீங்களா?"

"எதுக்கு மிஸ் கேக்கணும்?" அவளுக்கு என் கேள்வி புரியவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. "எங்க கிளாஸ்லயும் ஒருத்தி அப்பிடித்தான். கேமராவைக் கண்டா குனிஞ்சுக்குவா. ஏன் ஏன்னு கேட்டா அப்பறம் பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டா. அதான், ஒனக்கு என்ன படம் போடணும்னு மட்டும் கமெண்ட்ல கேட்டோம். ஆக்டோபஸ்னு சொன்னா. எங்க கிளாஸ் பிள்ளைக்கும் அதே மாதிரிதான், மயில் போட்டிருக்கு. நீங்க பாக்கலயா?"

நான் பார்த்திருந்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு மயில். அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன்.

5

ஆனாலும் மற்றப் பிள்ளைகளின் முகங்கள் அங்கே இருந்தனவே. பள்ளிக்கூடம் போனதும் தலைமையாசிரியையிடம் நானே சொன்னேன். அவர் பெரிய திரையில் வலைப்பூவைத் திறந்தார். முதலில் கடைசி வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆக்டோபஸில் வந்து நின்றார். இது யார் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, அந்தப் புலி எதற்கு என்று கேட்டார். புலி இல்லாமல் எங்கள் ஊரில் விசேஷம் இல்லை என்றேன். சிரித்தார்.

முகங்கள் இன்றைக்கே போக வேண்டும் என்றார். அது நியாயம்தான். பாஸ்வேர்டைப் பெரியவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று நானே கேட்டேன். யோசித்துவிட்டு, "அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும். நம்மிடம் இருந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? கொய்யாவை விட்டுவிட்டுப் போட்டிருப்போம்" என்றார்.

செலினிடம் சொன்னேன். "அப்பாடா, நான் ஃபாதர்ட்ட என்ன சொல்றதுன்னு ஜெபமாலையை எடுத்துட்டேன்டி" என்றாள். திண்டுக்கல் முகங்களை எடுப்பதா என்று கேட்டதற்கு, பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள், எம் பிள்ளை படம் சின்னதா இருக்கே என்று சண்டைக்கு வருகிறவர்கள்தான் அதிகம் என்றாள். நல்ல வேளை, பள்ளிக்கூடத்தில் கட்டுவதற்கான ஃபிளெக்ஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

அன்றைக்கே கார்த்திகா குழு எங்கள் பிள்ளைகளிடம் கேட்டது: ஒனக்கு என்ன படம்? ஒருவன் ரோபோ. ஒருத்தி எரிமலை. "ஒட்டன்சத்திரம்" காய்கறி ஏற்றிய லாரி கேட்டான், கேரளாவுக்குப் போகிற லாரிதான் வேண்டுமாம். கார்த்திகாவின் அப்பா எனக்கே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ஏம்மா, எரிமலைக்கெல்லாம் கும்புடு போடுற மாதிரி கை வச்சு விடணுமா, இல்ல சும்மா விட்ருவமா? பிள்ளைக ஒண்ணும் தெளிவாச் சொல்ல மாட்டேங்குதுக." சும்மா விடச் சொன்னேன்.

புதிய ஃபிளெக்ஸை வீட்டில் என் மகள் சனாவிடம் காட்டினேன். அவளுக்குப் பதினைந்து வயது. விடுமுறைக்குத் திண்டுக்கல் போகலாம் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறவள். தமிழில் ஒன்று கேட்டால் இங்கிலீஷில் பாதி பதில் வரும், மீதி தோளைக் குலுக்குவதில் வரும். ஃபிளெக்ஸை ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல நான் ஏன் இல்ல?" என்று கேட்டாள். நீ எதுவும் எழுதவில்லையே என்றேன். விருட்டென்று மாடிக்குப் போய்விட்டாள். எழுதுவாளோ மாட்டாளோ தெரியாது. சித்தப்பாவைப் போல அவளும் கோபித்துக்கொண்டாளே, அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

6

இங்கே நூலகச் சுவரில் ஃபிளெக்ஸைப் பெரிதாக அச்சடித்து ஒட்டினோம். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று தங்கள் படத்தைத் தேடினார்கள். கொய்யாவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். அவள் வரிசையில் இப்போது ஒருவருக்கும் முகம் இல்லை. ரோபோ, எரிமலை, லாரி, நடுவில் ஆக்டோபஸ். அவளைப் பார்த்து யாரும் "உன் படம் ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்க வழியில்லை. நான் புத்தகம் அடுக்குகிற மாதிரி அலமாரிக்குப் பின்னால் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளை அழைத்துப் போக வந்த அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். அந்த அம்மா வழக்கமாக வாசல் கேட்டோடு நின்றுவிடுவார். எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு அறைக்குள் நுழைவார். அன்றைக்கும் அப்படித்தான் நுழைந்தார். மகள் சுவரைக் காட்டினாள். அம்மா கடைசி வரிசைக்குக் குனிந்தார். தேடவே இல்லை, நேராக ஆக்டோபஸ் மேல் விரலை வைத்தார்.

கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எட்டுக் கை வீராங்கனை கொய்யா என்று படித்துக் காட்டி, அர்த்தமும் சொன்னேன். மகள் அதைத் தமிழிலேயே ஒருமுறை சொன்னாள். வாயில் தடுக்கியது, ஆனாலும் விடவில்லை. பக்கத்துப் படங்களை எல்லாம் காட்டி இது இன்னார், இது இன்னார் என்று அம்மாவுக்கு அறிமுகம் செய்துவைத்தாள்.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பினவர் வாசலில் நின்றார். இதில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். அவர் எனக்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சொன்னார்.

"எங்கள் வீட்டுச் சுவரில் அவளுடைய பள்ளிக்கூடப் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. இதை மாட்டலாம். யார் பார்த்தாலும் பரவாயில்லை."